புதிய வீட்டின் தோட்டத்து மதிலில் பூச்சு வெடிப்பு: பட்டி பார்த்து மறைப்பதா, உதிர்த்துவிட்டுப் பூசுவதா?

தோட்டத்துச்சுவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் புதிய வீட்டின் தோட்டத்தைச் சுற்றியுள்ள மதிலில், கட்டி ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே சிமெண்ட் பூச்சு பல இடங்களில் வெடித்துவிட்டது. வீட்டின் சுவர்களில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. மதிலில்தான் இந்தத் தொல்லை. மதில் ஹாலோ பிளாக்கால் (உள்ளே பொந்துள்ள சிமெண்ட் கல்) கட்டப்பட்டு, இடையிடையே கான்கிரீட் தூண்கள் நிறுத்தப்பட்டு, இருபுறமும் பூசப்பட்டது. பின்பக்கச் சுவர் ஏறத்தாழ 22 மீட்டர் நீளத்துக்கு, நடுவில் எந்த இடைவெளியும் விடாமல் ஒரே ஓட்டமாகச் செல்கிறது. உச்சியை மூடி மழைநீரை வழியவிடும் தலைக்கல் எதுவும் வைக்கவில்லை. பூச்சையே மேலே கொண்டுபோய் மட்டமாகத் தேய்த்து முடித்துவிட்டார்கள்.

வெடிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. வெயில் விழும் பக்கத்தில் மெல்லிய கீறல்கள் வலைப்பின்னலாகப் படர்ந்துள்ளன. தூண்களை ஒட்டி மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் சில வெடிப்புகள் உள்ளன. தோட்டத்தின் தாழ்வான மூலையில், படிப்படியாகச் சரிந்து இறங்கும் வெடிப்பு ஒன்று இருக்கிறது. செடிகளுக்காக மண் மேடு போட்ட பகுதியில் சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்து, பெயிண்ட் உரிகிறது. ஒப்பந்ததாரரோ, எல்லாப் பூச்சும் வெடிக்கத்தான் செய்யும், பட்டி பார்த்து இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். உறவினர் ஒருவர் முழுப் பூச்சையும் உதிர்த்துவிட்டுப் புதிதாகப் பூசச் சொல்கிறார். எதைச் செய்வது என்று தெரியவில்லை.

ரசமட்டம் எழுதியது:

இரண்டில் எதையும் இப்போது செய்யாதீர்கள். நீங்கள் விவரித்திருப்பவை நான்கு வெவ்வேறு கோளாறுகள்; ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பயன்படாது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வெடிப்பு பூச்சில் மட்டும் இருக்கிறதா, சுவரிலேயே இருக்கிறதா என்பதுதான். அதற்கு எளிய வழி, சுவரின் மறுபக்கம் போய் அதே இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. இருபுறமும் ஒரே கோட்டில் வந்திருந்தால் உள்ளே கட்டுவேலையும் பிளந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஒருபுறம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பூச்சோடு முடிந்துவிடும்.

அடுத்து, கரணையின் மரப்பிடியால் சுவரை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். பூச்சு சுவரோடு ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான ஓசையும், விட்டுப்போன இடத்தில் உள்ளீடற்ற ஓசையும் வரும். அப்படி ஓசை மாறும் எல்லையைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். பிறகு வெடிப்பின் அகலத்தை அளந்து, அதன் இரு நுனிகளிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவையுங்கள். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் செங்கல், பிளாக் சுவர்களின் சேதத்தை வகைப்படுத்தும்போது 0.1 மி.மீ.க்கு உட்பட்டதை மயிரிழைக் கீறலாகவும், 1 மி.மீ. வரை உள்ளதை வண்ணம் பூசும்போதே சரிசெய்யக்கூடிய மெல்லிய வெடிப்பாகவும், 5 மி.மீ. வரை உள்ளதை நிரப்பிச் சரிசெய்யக்கூடியதாகவும் கொள்கிறது. அதற்கு மேல் போனால்தான் கட்டுவேலையைப் பிரித்துத் திருத்த வேண்டிய நிலை வருகிறது. அந்த வகைப்பாடு வீட்டுச் சுவர்களுக்காகச் செய்யப்பட்டதென்றாலும், மதிலைப் பார்க்கும்போதும் பதற்றப்படாமல் இருக்க அது உதவும். ஆனால் அகலத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அகலம் குறைவாக இருந்தாலும் மாதந்தோறும் நீளும் வெடிப்பு, அகலமாக இருந்து அசையாமல் நிற்கும் வெடிப்பைவிடக் கவலைக்குரியது.

மணியாசு எழுதியது:

பூச்சு வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் அந்த வலைப்பின்னல் கீறல்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மதில் என்பது பெரும்பாலும் வீட்டு வேலையெல்லாம் முடிந்தபின், எஞ்சிய மணலையும் எஞ்சிய பணத்தையும் வைத்துச் செய்யப்படும் வேலை. வீட்டுக்குள் பூசும்போது பக்கத்தில் நிற்கும் மேற்பார்வையாளர் மதிலின் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சலிக்காத, வண்டல் கலந்த மணல் அங்கேதான் போய்ச் சேரும்.

இவ்வகைக் கீறல்களுக்கு முதற்காரணம் சிமெண்டை அதிகமாகச் சேர்ப்பது. சிமெண்ட் கூடினால் பூச்சு உறுதியாகும் என்று பலர் நம்புகிறார்கள். கூடவே சுருக்கமும் அதிகமாகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது காரணம், பூச்சு இறுகத் தொடங்கும்போது அதன்மேல் வெறும் சிமெண்டைத் தூவி, வழவழப்பு வரும்வரை இரும்புக் கரணையால் தேய்ப்பது. இப்படித் தேய்க்கும்போது சிமெண்ட் பாலும் நுண்துகளும் மேலே வந்து, அடியில் உள்ளதைவிடச் செறிந்த ஒரு மெல்லிய தோல் உருவாகிறது. அது தனியாகச் சுருங்கி வெடிக்கிறது. வெளிச்சுவருக்கு மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மரப்பலகை) தேய்த்த சொரசொரப்பான முடிப்பே போதும். மூன்றாவது காரணம் கியூரிங். பூச்சைக் குறைந்தது ஏழு நாள்களாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். மதில் இருபுறமும் வெயிலும் காற்றும் படும்படி தனித்து நிற்பதால் வீட்டுச் சுவரைவிட விரைவாகக் காய்ந்துவிடும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு மூடியிருந்தால் இவ்வளவு கீறல் வந்திராது.

தட்டிப் பார்த்துக் கெட்டியான ஓசை வந்தால் அந்தக் கீறல்களை அப்படியே விட்டுவிடலாம். அவை ஆழமானவை அல்ல. சுருக்கம் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே நடந்து முடிந்திருக்கும்.

தோட்டத்துச்சுவர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன். வலைப்பின்னல் கீறல் உள்ள இடங்கள் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கின்றன. இரண்டு திட்டுகளில் மட்டும் ஓசை மாறுகிறது. தூண்களை ஒட்டிய வெடிப்புகள் ஏறத்தாழ எல்லாமே மறுபுறத்திலும் அதே இடத்தில் உள்ளன. அகலம் 1 மி.மீ.க்குச் சற்று முன்பின்னாக இருக்கிறது. மூலையில் உள்ள சரிவான வெடிப்பு மேலே 3 மி.மீ., கீழே வரவர மறைந்துவிடுகிறது. அதுவும் இருபுறமும் தெரிகிறது. மதிலின் உச்சியில் ஏணி வைத்துப் பார்த்தபோது, நீளவாக்கில் நடுவே ஒரு கீறல் ஓடுவதையும் கண்டேன். கீழிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

தூக்குக்குண்டு எழுதியது:

கட்டமைப்பு தொடர்பான பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். தூண்களை ஒட்டிய நேர்க்கோட்டு வெடிப்புகளுக்குப் பூசியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிமெண்ட் பிளாக் காயக்காயச் சுருங்கும் பொருள். வார்த்தபின் போதிய நாள் வைத்திருக்காமல் பச்சையாகக் கட்டினாலோ, செங்கல்லை நனைப்பதுபோலத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கட்டினாலோ, அந்தச் சுருக்கம் முழுவதும் கட்டியபிறகு சுவருக்குள்ளேயே நடக்கிறது. அதனால்தான் பிளாக் சுவர்களில் ஏறத்தாழ 6 மீட்டருக்கு ஓர் இடம் வீதம், சுவர் நீண்டு சுருங்க இடம் தரும் அசைவு இடைவெளி (அசைவு இணைப்பு) விடுவது வழக்கம். உங்கள் சுவர் 22 மீட்டருக்கு இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது என்றால், வடிவமைப்பில் விடாத இடைவெளிகளைச் சுவர் தானாகவே உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. கான்கிரீட் தூணும் பிளாக்கும் சேரும் இடம்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது என்பதால் பிளவு அங்கே வந்திருக்கிறது.

இந்த வெடிப்புகளைச் சிமெண்ட் கலவையால் நிரப்பினால் அடுத்த கோடையில் அதே இடத்திலோ அதற்கு ஓரங்குலம் தள்ளியோ மறுபடி வெடிக்கும். வெப்பத்தாலும் ஈரத்தாலும் சுவர் ஆண்டு முழுவதும் நீண்டு சுருங்கிக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்த முடியாது, அதற்கு இடம் கொடுக்கத்தான் முடியும். ஆகவே சுமார் 6 மீட்டர் இடைவெளியில் வரும்படி இவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோட்டில் பூச்சை இருபுறமும் நேராக அறுத்து, 10 மி.மீ. அகல இணைப்பாக மாற்றுங்கள். உள்ளே நுரைக்கயிறு (நுரையால் ஆன மெத்தென்ற கயிறு) வைத்து, மேலே நெகிழும் சீலண்ட் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் போன்ற பசை) நிரப்ப வேண்டும். சீலண்ட் இரு பக்கவாட்டு விளிம்புகளில் மட்டும் ஒட்ட வேண்டும், பின்புறம் ஒட்டக்கூடாது; அதற்காகத்தான் கயிறு. அதன் ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும். வெடிப்பு நன்றாகத் திறந்திருக்கும் வறண்ட, குளிர்ந்த நாள்களில் இதைச் செய்வது நல்லது. மூடியிருக்கும்போது நிரப்பினால் பிறகு திறக்கும்போது சீலண்ட் அளவுக்கு மீறி இழுபட்டுக் கிழியும்.

ஓர் எச்சரிக்கை. பூச்சை அறுப்பது வேறு, பிளாக்கையே அறுப்பது வேறு. தூணுக்கும் சுவருக்கும் இடையே கம்பிப் பிணைப்பு இருக்கிறதா என்று தெரியாமல் கட்டுவேலைக்குள் வெட்டினால், காற்றைத் தாங்கி நிற்கும் பிடிமானம் அறுந்துவிடக்கூடும். அதற்கு முன் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும்.

மூலையில் உள்ள சரிவான வெடிப்பு எனக்கு அதிகக் கவலை தருகிறது. மேலே அகன்று கீழே ஒடுங்கும் வெடிப்பு, சுவரின் அந்த முனை கீழே இறங்குகிறது என்பதையே பெரும்பாலும் காட்டும். நடுப்பகுதி அமிழ்ந்திருந்தால் கீழே அகன்று மேலே ஒடுங்கியிருக்கும். மதிலின் கடைக்கால் (அடித்தளம்) வீட்டுடையதைவிட ஆழம் குறைவாகவே போடப்படுகிறது. தாழ்வான மூலை என்கிறீர்கள், அங்கே நிரப்பு மண் இருக்கிறதா, மழைநீர் தேங்குகிறதா, பெரிய மரம் இருக்கிறதா என்று பாருங்கள். உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுச் சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் சரிபாருங்கள். சாய்ந்திருந்தால் பூச்சைப் பற்றிய பேச்சையே ஒத்திவைத்துவிட்டு, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் முதலில் பொறியாளரை அழையுங்கள்.

புதுமனை எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. முழுப் பூச்சையும் உதிர்த்துவிட்டு, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையில் நீர்ப்புகாக் கலப்புப் பொருள் சேர்த்துக் கெட்டியாகப் பூசிவிட்டால் ஒரே செலவோடு முடிந்துவிடும் அல்லவா? திட்டுத்திட்டாக ஒட்டுப்போட்ட சுவர் பார்க்கவும் நன்றாக இராது.

மணியாசு எழுதியது:

புதுமனை அவர்களுக்கு: நீங்கள் சொல்லும் வழியில் சென்றால் இப்போதுள்ள கோளாறு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். பூச்சு வேலையில் மீறக்கூடாத ஒரு விதி உண்டு. மேலே வரும் அடுக்கு கீழே உள்ளதைவிட வலுவாக இருக்கக்கூடாது. ஹாலோ பிளாக் மிதமான வலிமை கொண்டது. அதன்மேல் ஒன்றுக்கு மூன்று பூசினால் பூச்சு சுருங்கும்போது பிளாக்கின் மேற்பரப்பையும் பிய்த்துக்கொண்டு வரும். சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவை இவ்விடத்துக்கு மிகவும் ஏற்றது. சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் ஒன்றுக்கு ஆறு வரை போகலாம். நீர்ப்புகாப் பொருள் கீறல் இல்லாத பூச்சில்தான் வேலை செய்யும். கீறல் வழியே உள்ளே போன தண்ணீரை வெளியே வரவிடாமல் தடுப்பதுதான் அதன் மறுபக்கம். மேலும், கெட்டியாக ஒட்டியிருக்கும் பூச்சைச் சம்மட்டியால் அடித்து உதிர்க்கும்போது பிளாக்கின் மெல்லிய ஓடுகள் உடைவதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன்.

ஓசை மாறும் அந்த இரண்டு திட்டுகளை மட்டும் எடுத்துவிடுங்கள். சாக்கட்டி எல்லைக்குச் சற்று வெளியே, நேர்க்கோட்டில் சதுரமாக, அறுக்கும் சக்கரத்தால் வெட்டுங்கள். உளி வைத்து ஓரத்தை உடைத்தால் நல்ல பூச்சும் சேர்ந்து ஆட்டம் காணும். உள்ளே உள்ள பொடியைத் தூரிகையால் முழுதாக நீக்கி, தண்ணீர் சொட்டாத அளவுக்கு ஈரப்படுத்துங்கள். ஒட்டுப்பால் (பழைய பரப்பில் புதுப் பூச்சு ஒட்ட உதவும் பால் போன்ற திரவம்) கலந்த சிமெண்ட் கரைசலைத் தேய்த்தால், அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவையை வைத்துவிட வேண்டும். காயவிட்டுப் பூசினால் ஒட்டுவதற்குப் பதிலாக அதுவே பூச்சைப் பிரிக்கும் படலமாகிவிடும். இந்த ஓர் இடத்தில்தான் பெரும்பாலான ஒட்டுவேலைகள் கெட்டுப்போகின்றன. 12 மி.மீ.க்கு மேல் கனம் தேவைப்பட்டால் ஒரே தடவையில் அப்பாமல் இரண்டு அடுக்காகப் பூசுங்கள். முதல் அடுக்கைக் கீறிவிட்டு, அது இறுகிச் சுருங்கியபின் இரண்டாவதைச் சற்று மெல்லியதாகப் பூச வேண்டும்.

ஒட்டு தெரியும் என்பது உண்மைதான். சொரசொரப்பை ஒத்துவரச் செய்து முழுச் சுவருக்கும் வண்ணம் பூசினால் நான்கடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது.

கோழிவலை எழுதியது:

தூண் ஓரங்களில் சீலண்ட் வைப்பதைவிட, பூச்சை எடுத்துவிட்டு வலை வைத்துப் பூசலாமே? இரு வேறு பொருள்கள் சேரும் இடத்தில் வலை வைப்பதுதானே முறை?

தூக்குக்குண்டு எழுதியது:

முறைதான், கட்டும்போதே செய்திருந்தால். தூணின் மீதும் சுவரின் மீதும் 100 முதல் 150 மி.மீ. வரை படியும்படி, காரத்தைத் தாங்கும் கண்ணாடி இழை வலையைப் பூச்சின் கனத்தில் வெளிப்புற மூன்றில் ஒரு பங்குக்குள் பதித்திருந்தால், பூச்சின் சுருக்கத்தால் வரும் மெல்லிய கீறல்களை அது பரப்பிக் குறைத்திருக்கும். இப்போதும், இணைப்பாக மாற்றாமல் விடப்போகும் மற்றத் தூண் ஓரங்களுக்கு அது பொருத்தமானதே. ஆனால் இணைப்பாக மாற்றும் மூன்று இடங்களில் வலையையோ பூச்சையோ குறுக்கே கொண்டுபோகக் கூடாது. அங்கே சுவரே அசைகிறது. வலை அந்த அசைவை நிறுத்தாது, வெடிப்பைத் தன் விளிம்புக்குத் தள்ளிவிடும்.

ரசமட்டம் எழுதியது:

உச்சியில் ஓடும் கீறலைப் பற்றி யாரும் பேசவில்லை. என் கணிப்பில் இந்தச் சுவரின் ஆயுளைத் தீர்மானிக்கப்போவது அதுதான். மட்டமாகத் தேய்த்த உச்சியில் மழைநீர் நிற்கும்; கீறல் வழியே நேராக ஹாலோ பிளாக்கின் பொந்துகளுக்குள் இறங்கும். அங்கிருந்து இருபுறப் பூச்சின் பின்னால் ஈரம் பரவி, காயும்போது உப்பை வெளியே கொண்டுவரும், பூச்சைச் சுவரிலிருந்து கழற்றும். தூணின் கம்பி வரை அந்த ஈரம் போய்விட்டால் துரு ஏறிக் கம்பி பருத்து, அதன் கோட்டிலேயே கான்கிரீட் பிளக்கும். பழுப்புக் கறை தெரிந்தால் அது தொடங்கிவிட்டது என்று அறிக. பட்டி, பெயிண்ட், ஒட்டு எல்லாம் செய்தாலும் உச்சியை மூடாவிட்டால் அத்தனையும் வீண்செலவு. முழுப் பூச்சையும் மாற்றுவதற்கான பணம் கையில் இருந்தால், அதில் ஒரு பகுதியைத் தலைக்கல்லுக்குச் செலவிடுங்கள். ஒருபுறமாகவோ இருபுறமாகவோ சரிவுள்ள தலைக்கல், சுவரின் இரு முகங்களையும் தாண்டி 40 மி.மீ. அளவுக்கு வெளியே நீண்டு, அடிப்பக்கத்தில் நீர் சொட்டும் காடி (நீளவாக்குப் பள்ளம்) வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும். காடி இல்லாவிட்டால் நீர் அடிப்பரப்பை ஒட்டி ஓடி மறுபடியும் சுவரில்தான் இறங்கும். தலைக்கல்லுக்கு அடியில் நீர்த்தடுப்புப் படலம் ஒன்றும், அசைவு இணைப்பு வரும் இடத்தில் தலைக்கல்லிலும் ஓர் இணைப்பும் வேண்டும்.

கீழே உப்புப் பூப்பதற்கு அந்த மண் மேடுதான் காரணம். பூச்சு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மண்ணைச் சுவரிலிருந்து விலக்கி இடையில் சரளை போடுங்கள். தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மி.மீ. உயரத்தில் பூச்சை நேராக அறுத்து நிறுத்திவிடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். மண் மேடு கட்டாயம் வேண்டும் என்றால் அதற்குத் தனித் தடுப்புச் சுவர் கட்டுவதே சரி. தனித்து நிற்பதற்காகக் கட்டிய ஹாலோ பிளாக் மதில், ஒரு பக்கத்து மண்ணின் தள்ளுதலைத் தாங்குவதற்கு உரியது அல்ல.

வண்ணத்தூரிகை எழுதியது:

பெயிண்ட் பற்றி ஒன்றிரண்டு சொற்கள். புதிதாகப் பூசிய ஒட்டுகள் கடுமையான காரத்தன்மை கொண்டவை. குறைந்தது நான்கு வாரம் காத்திருந்து, காரத்தைத் தாங்கும் பிரைமர் அடித்தபின்பே வண்ணம் பூச வேண்டும். அந்த வலைப்பின்னல் கீறல்களுக்கு, நீண்டு கொடுக்கும் தன்மையுள்ள கனத்த வெளிப்புற வண்ணம் பொருந்தும். ஆனால் அது ரசமட்டம் சொன்ன தலைக்கல் வேலையும் மண்ணை விலக்கும் வேலையும் முடிந்து, சுவர் நன்றாகக் காய்ந்தபிறகுதான். ஈரச் சுவரின்மேல் அடித்தால் படலம் கொப்புளமாக எழும்பும். வீட்டுக்குள் பயன்படுத்தும் பட்டியை மட்டும் வெளியே அனுமதிக்காதீர்கள். முதல் மழையிலேயே ஊறி உப்பிவிடும்.

தோட்டத்துச்சுவர் எழுதியது:

தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். சுவர் செங்குத்தாகவே நிற்கிறது. தாழ்வான மூலையில்தான் கூரையின் மழைநீர்க் குழாய் முடிகிறது. அந்தத் தண்ணீர் முழுவதும் கடைக்காலை ஒட்டியே நிலத்தில் இறங்குகிறது. ஒப்பந்ததாரரிடம் இதையெல்லாம் எப்படி எடுத்துச் செல்வது? அவர் பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

ரசமட்டம் எழுதியது:

பெயிண்ட் அடிக்க வரும் ஆளை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்ணம் பூசிவிட்டால் வெடிப்பின் அளவும் போக்கும் மறைந்துவிடும். பிறகு உங்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இராது. ஒவ்வொரு வெடிப்பையும் அருகில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, தேதியோடும் இடத்தோடும் குறித்து, ஒப்பந்தத்தில் குறைபாடுகளைச் சரிசெய்து தரும் காலம் எவ்வளவு என்று பார்த்து, அது முடிவதற்குள் எழுத்து மூலமாக அனுப்புங்கள். வெடிப்பைச் சரிசெய்து தரும்படி கேட்காமல், அசைவு இணைப்பு ஏன் விடப்படவில்லை, தலைக்கல் ஏன் வைக்கப்படவில்லை, மழைநீர்க் குழாய் ஏன் மதிலின் அடியில் முடிகிறது என்று காரணங்களைக் கேளுங்கள். வலைப்பின்னல் கீறல்களுக்காக வாதாட வேண்டாம். அவற்றை விட்டுக்கொடுத்தால் மற்றவற்றைக் கேட்பது எளிதாகும். அவர் பார்த்துப் பதில் தரும்வரை வேறு யாரையும் வைத்துச் சுவரில் கை வைக்காதீர்கள்.

தூக்குக்குண்டு எழுதியது:

அந்தக் குழாய் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதன் வாயை இன்றே நீட்டித் தண்ணீரைக் கடைக்காலிலிருந்து தள்ளி விடுங்கள். அதற்கு யாருடைய பதிலுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நீட்டுவதற்கு முன் இருந்த நிலையை ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். அதன்பின் மூலை வெடிப்பை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முழுதாகக் கவனிக்க வேண்டும். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் ஒட்டிவைத்தால், அசைவு இருந்தால் அது உடைந்து காட்டிவிடும். எவ்வளவு அசைந்தது என்று தெரிய வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு பென்சில் குறி போட்டு, அவற்றின் இடைவெளியை அளந்து வாருங்கள். அசைவு நின்றிருந்தால் பிளாக்குகளின் இணைப்பைச் சுரண்டிச் சாந்து அடைத்து, பூச்சை ஒட்டுப்போட்டு முடிக்கலாம். அசைவு தொடர்ந்தால் அந்த மூலையின் கடைக்காலைத் தோண்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தோட்டத்துச்சுவர் எழுதியது:

குழாயை நீட்டிவிட்டேன். மண் மேட்டைச் சுவரிலிருந்து விலக்கும் வேலையையும் படம் எடுத்தபின் தொடங்கியிருக்கிறேன். ஒப்பந்ததாரருக்குக் கடிதம் போய்விட்டது. தலைக்கல் வைத்துத் தருவதற்கு ஒப்புக்கொள்கிறார், அசைவு இணைப்புக்குத் தன் பொறியாளரை அனுப்புவதாகச் சொல்கிறார். மூலை வெடிப்பின்மேல் கண்ணாடித் துண்டு ஒட்டியாகிவிட்டது. அதில் மாற்றம் ஏதேனும் தெரிந்தால் அளவுகளோடு இங்கே எழுதுகிறேன்.